ஊல்கான் வாங்கிய மெஷின்

பக்கத்து அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. பத்துப் பதினைந்து தையல் வரை சத்தம் சீராக வந்தது. பிறகு பட்டென்று ஓர் ஒலி, அதோடு நின்றுவிட்டது.

அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஊல்கானின் கைகளும் நின்றன. போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நூல் அறுந்திருக்கும். தோலைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் அது சுருண்டு குருவிக்கூடு மாதிரி கட்டியிருக்கும். இந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

உள்ளேயிருந்து மெலிஸ் வந்தான். பிஷ்கெக்கில் சட்டை தைக்கும் பட்டறைகளில் மெஷின் பழுது பார்ப்பவன் அவன். தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவனை ஊல்கான் வாசலிலேயே மடக்கிப் பிடித்திருந்தாள்.

“பழைய மெஷின் அக்கா. வித்த கிழவன் உன் தலையில கட்டிட்டான். என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன்.”

ஊல்கான் மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். வலது கை விரல்களில் அந்தக் குத்து உறைக்கவே இல்லை.

கோச்கோர் ஊரில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு அவளைத் தெரியாமலிருக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் புருஷன்தான் சேணமும் கடிவாள வாரும் செய்தான். அவன் தோலில் துளை போடுவான்; அவள் நூலை இழுத்து இறுக்குவாள். பிறகு அவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனான். வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆனது. அப்புறம் பண்டிகைக்கு மட்டும் வந்தது. ஒரு பண்டிகைக்கு அதுவும் வரவில்லை. அன்று முதல் துளை போடுவதையும் அவளே பார்த்துக்கொண்டாள். மகள் ஐஸிரெக் வளர்ந்ததெல்லாம் அந்த வார்களின் வருமானத்தில்தான்.

ஆண்டுக்கணக்கில் நூலை இழுத்த கை ஒருநாள் தேநீர்க் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. இனிமேலும் கையால் தைத்தால் விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்கோவிலிருந்த ஊல்கானின் தங்கை சபீரா, தான் வேலை செய்யும் கிடங்கில் கூட்டிப் பெருக்க ஆள் எடுக்கிறார்கள், சீக்கிரம் ஒரு பதில் சொல் என்று நெருக்கினாள். ஊல்கான் போனால் ஐஸிரெக் மாமன் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அங்கே எந்த அறையில் படுத்துக்கொள்வது என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வி ஊல்கானின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

அதனால்தான் சினைப் பசுவை விற்று மெஷின் வாங்கினாள். அத்-பாஷியில் பெய்ஷென் என்ற கிழவர், மூடிப்போன செருப்புத் தொழிற்சாலையிலிருந்து சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த மெஷினை வீட்டில் வைத்திருந்தார். அதில் பூட்ஸ் தைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். கண் மங்கிவிட்டதால் விற்கிறார். அவர் ஒற்றைத் தோலில் ஒரு சாண் தைத்துக் காட்டினார். குதிரையின் மூச்சைக் கேட்பதுபோல ஊல்கான் மெஷினின் தலைப்பக்கம் காதை வைத்துக் கேட்டாள். திருப்தியோடு வீட்டுக்கு ஏற்றி வந்தாள்.

அதன் பிறகுதான் செலவே ஆரம்பித்தது. பழைய மோட்டார் பெடலில் காலை வைத்ததும் பழக்காத குட்டிபோலப் பாய்ந்தது. தோலுக்கு ஒவ்வொரு தையலாக நகர வேண்டும். மெலிஸ் அதைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் புது மோட்டார் மாட்டினான். வேகம் இன்னும் குறைந்து இழுப்பு கூடட்டும் என்று பெரிய சக்கரம் ஒன்றும் போட்டான். தோலின் அடியில் பல் பதியாமலிருக்க, தள்ளும் தகட்டின் பற்களை அரம் வைத்து மழுக்கினான். தடித்த ஊசி வந்தது, தடித்த நூல் வந்தது. மெஷின் இப்போது உழவு மாடு மாதிரி நிதானமாக நடந்தது. ஆனால் இரட்டைத் தோலை வைத்தால் போதும், அடியில் குருவிக்கூடு.

மெலிஸ் கல்யாண வீட்டுக்குப் போனபின், அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் ஊல்கான் மெஷினைத் துடைக்க உட்கார்ந்தாள். மூலை முடுக்கெல்லாம் பழுப்பு நிறத் தோல் தூசி. கடைசியாக பாபின் கேஸைக் கழற்றினாள். அடிநூல் உருளை உட்காரும் அந்தச் சின்ன இரும்பு டப்பாவுக்குள் விரலை விட்டாள். வெள்ளையாகப் பஞ்சு வந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆயுசு முழுக்கத் தோல் தைத்த மெஷினில் பருத்திப் பஞ்சு எங்கிருந்து வரும்? இது ஏதோ துணி மெஷினின் டப்பா. மெல்லிய நூலைப் பிடிக்கும்; தடித்த நூலை இறுக்க இதன் வில்தகட்டுக்கு வலு கிடையாது. துணி மெஷின்களே பழகிய மெலிஸுக்கு இது வித்தியாசமாகப் பட்டிருக்காது.

அடுத்த கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. குதிரையை விற்கிறவன் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்வான். வாங்கியவன் சொந்தக் கயிறு போட்டு ஓட்டிப் போவான். விற்ற வீட்டின் பாக்கியம் குதிரையோடு போய்விடக் கூடாதல்லவா? அவளே பசுவை விற்ற அன்று கயிற்றை அவிழ்த்து அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள். கிழவர் மெஷினின் சொந்த டப்பாவைக் கழற்றி வைத்துக்கொண்டு அதையே செய்துவிட்டார். ஊல்கானுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபத்தில் காது சூடேறியது.

அவள் போன் செய்தபோது பெய்ஷென் மறுக்கவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மினி பஸ்ஸில் வந்து இறங்கினார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் மெஷின் அருகே உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. மெலிஸும் வந்து கதவோரம் நின்றுகொண்டான்.

“வெச்சுக்கிட்டேன்தாம்மா,” என்றார். “பதிலுக்கு வேற டப்பா போட்டுத்தானே குடுத்தேன். தைச்சும் காட்டினேனே.”

“மெல்லிசு நூல்ல காட்டினீங்க ஐயா.”

கிழவர் மெஷினின் கழுத்தைத் தடவினார். இளைய மகன் சீன எல்லைக் கணவாயில் லாரி ஓட்டுகிறான் என்றும், பனிக்காலத்தில் அவன் போன் வரும்வரை வீட்டில் யாரும் தூங்குவதில்லை என்றும் சொன்னார். இந்த மெஷின் வந்த பிறகுதான் அவன் பிறந்தானாம். “எல்லாத்தையும் முழுசா வண்டில ஏத்திவிட்டுட்டா எங்க வீட்ல என்னம்மா மிஞ்சும்?”

“குதிரைய வித்தா கயித்த வெச்சுக்கலாம் ஐயா. நானும்தான் வெச்சிருக்கேன். அதுக்காக ஒரு கால வெட்டி வெச்சுக்கிட்டா குதிரைய குடுப்பாங்க?”

“நானும் ஒரு வாரமா அந்த மூணு கால் குதிரைக்கு லாடம் அடிக்கிறேன்,” என்றான் மெலிஸ்.

கிழவரின் மீசை லேசாக அசைந்தது. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். கறுத்துத் தேய்ந்த டப்பா அதிலிருந்தது. ஆனால் நீட்டவில்லை. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். 

பிடுங்கிவிடலாம் என்றுதான் ஊல்கானுக்குத் தோன்றியது. பசுவின் விலை, மோட்டாரின் விலை, மகளின் படுக்கை எல்லாம் அந்தக் கைக்குள் இருந்தன. ஆனால் தூரத்திலிருந்து வர வேண்டிய ஒரு போனுக்காக ராத்திரியெல்லாம் விழித்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவள் குரல் தானாகத் தணிந்தது.

“நீங்களே மாட்டுங்க ஐயா. தைச்சுதுன்னா உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்.”

கிழவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பார்க்காமலேயே, தடவித் தடவி டப்பாவை உள்ளே பொருத்தினார். அது ‘டிக்’ என்று உட்கார்ந்தது.

ஊல்கான் தடித்த தோலில் நீளமான வார்கள் நறுக்கினாள். இரண்டிரண்டாக ஒட்டி ஊசிக்கடியில் வைத்தாள். பெடலை மெல்ல அழுத்தினாள். மெஷின் ஒவ்வொரு தையலாக நடந்தது. பத்து தாண்டியது. பதினைந்து தாண்டியது. நூல் அறுபடவில்லை. தோலைத் திருப்பினாள். அடியிலும் மேலேயும் ஒரே மாதிரி, வாற்கோதுமை மணிகளை வரிசையாக வைத்ததுபோலக் கிடந்தன தையல்கள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அந்த ஈரத்தோடே வளைத்து, மடித்து, வளையம் கோத்து, ஒரு குதிரையின் தலைக்கு வேண்டிய முழுக் கயிற்றையும் தைத்து முடித்தாள்.

“இந்தாங்க. இந்த மெஷினோட கயிறு. இத கொண்டுபோய் வீட்ல மாட்டுங்க.”

பெய்ஷென் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். “இங்க கோணலா இருக்கு.”

“கண்ணு தெரியலன்னீங்களே.”

“விரலுக்குத் தெரியுதே.” சொல்லிவிட்டு அதை இரண்டாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். டப்பா இருந்த அதே பையில்.

அலமாரியில் போன் அடித்தது. சபீராதான். ஊல்கான் அடுத்த வாரை ஊசிக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துச் சொல்லு மெலிஸ். அக்கா வரலயாம், கைநிறைய வேலை இருக்காம்னு சொல்லு.”

கிழவர் இப்போதுதான் தேநீரைக் குடித்தார். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஊல்கான் வாசல்வரை போனாள். மகன் ஊர் திரும்பியதும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் கோட்டை அழுத்திப் பிடித்தபடி தலையசைத்துவிட்டுப் பனியில் இறங்கினார். குளிர் உள்ளே வந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.