பள்ளிக்கூடங்களை அளந்த நாட்கள்

முக்காலியில் கருவியை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் சக பாவப்பட்டவர்களுக்குத் தெரியும்: முதலில் வருபவர் "ரோடு அகலமாவுதா?" என்பார், அடுத்தவர் "எங்க வூட்ட இடிப்பீங்களா?" என்பார். நான் எதையும் இடிக்கிறவள் இல்லை. புதுச்சேரியின் அரசுப் பள்ளிக் கட்டடங்களை அறை அறையாக லேசர் கருவியால் அளந்து, கணினியில் வரைபடமாக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. அரசு ஒதுக்கிய பணத்தில் நடக்கிறது. வாசல், படி, சாய்தளம், கழிப்பறை எங்கெங்கே இருக்கின்றன என்று பெற்றோர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே

முதலியார்பேட்டையில் ஒரு பள்ளி. கருவி சுழலும்போது குறுக்கே யாரும் போகக்கூடாது. தலைமையாசிரியை பிள்ளைகளையெல்லாம் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார். மதிய உணவு பரிமாறும் செல்வி அக்கா மட்டும் நகரவில்லை. "இது செவுத்துக்குள்ள பூந்து பாக்குமா?" என்றார். "இல்லக்கா, மேலாலதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு தட்டில் சாம்பார் சாதமும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். காலையிலிருந்து பட்டினி, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்:

"செவுத்துக்கே எடுக்கறியே, அப்படியே என் முட்டிக்கும் ஒண்ணு எடுத்துடும்மா."

கூரை

ஊருக்கு வெளியே ஒரு பள்ளி. தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததுமே கொதித்தார். "படம் புடிக்கக் காசு இருக்கு, கூரையப் பூசக் காசு இல்லியாம்மா?" நியாயமான கேள்விதான். தலையைக் குனிந்துகொண்டு அளந்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கணினியில் பார்த்தால், மூன்றாம் வகுப்பு அறையின் கூரை நடுவில் தொய்ந்திருந்தது. நேரில் நின்றபோது என் கண்ணில் படவே இல்லை. என் வேலை அளப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. பயந்துகொண்டேதான் அவருக்குப் போன் செய்தேன். மறுநாளே அறையைப் பூட்டி, பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார். பொறியாளர்களுக்கும் படம் போனது. அவர்கள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. விடியற்காலையில் அவரிடமிருந்து போன்:

"கூரை மொத பெஞ்சு மேலயே வுழுந்திருக்கும்மா. பெஞ்சுல யாரும் இல்ல."

பீரோவுக்குப் பின்னால்

கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்று. தெருப்பக்கம் அளந்தபோது ஒரு கதவு இருந்தது. உள்ளே அளந்தபோது இல்லை. இரண்டு படத்தையும் ஒட்டிப் பார்த்ததில், பிரெஞ்சு ஆசிரியை அமரும் இடத்துக்கு நேர் பின்னால், இரும்பு பீரோக்களுக்குப் பின்னே அது ஒளிந்திருந்தது. அந்த அறையிலிருந்து வெளியேற வேறு ஒரே வழிதான். தீ, புகை என்றால் எல்லாரும் அதிலேயே முட்டிக்கொள்ள வேண்டும்.

காவலாளி ஒருபக்கம், விளையாட்டு ஆசிரியர் ஒருபக்கம், நான் நடுவில். பீரோக்களை நகர்த்தி, கீலுக்கு எண்ணெய் விட்டுத் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. கடல் காற்று உள்ளே வந்து நோட்டுகளையெல்லாம் புரட்டியது. எல்லாரும் 'மதாம்' என்று கூப்பிடும் அந்த ஆசிரியை, கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்:

"வேலைக்கு வந்த நாள்லேருந்து வேர்த்து வழியறேன்; காத்து என் முதுகுக்குப் பின்னாடியே நின்னுக்கினு இருந்திருக்கு!"

இது வேணாம்

தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா. மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். எட்டாவது முடித்துவிட்டாள், அடுத்த பள்ளி தேட வேண்டும். ஐந்தாவது முடித்தபோது மகளை ஆட்டோவில் ஏற்றி ஒவ்வொரு பள்ளியாகப் போயிருக்கிறார். படியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்; சில இடங்களில் அவர்களே திருப்பியனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை, படம் போனில் வந்துவிட்டதென்று ஆசிரியை ஒருவர் சொல்ல, தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மகள் சேர்ந்த பள்ளியில், விட்டுப்போன ஒரு அளவை எடுக்கப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். சாய்தளத்தில் மகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நான்தான் அளந்தவள் என்று தெரிந்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"இத்தினி நாளா பள்ளிக்கூடந்தான் எங்கள வேணான்னு சொல்லும், மொத தபா நாங்க ஒண்ண வேணான்னு சொன்னோம்மா."

ஒப்பந்தம் எப்போது முடியுமோ தெரியாது, கருவியைச் சுமந்து சுமந்து தோள்வலி நிரந்தரமாகிவிட்டது. ஊரார் வரிப்பணத்தில் எனக்கு வாய்த்த அந்த வலிக்கு ஊராருக்கே என் நன்றி.