பறக்கும் எருமையின் விலை

அலுவலகத்தில் அவளுக்குத் தள்ளுபடி அக்கா என்று பெயர். கைபேசியில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை நடத்தும் கம்பெனி அது. வாளுக்கும் கேடயத்துக்கும் பறக்கும் எருமைக்கும் என்ன விலை வைப்பது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இல்லாத எருமைக்கு யானை விலை போட்டு, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் பாதி விலையை எழுதி, கீழே ஒரு கடிகாரத்தையும் ஓடவிடுவாள். ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவார்கள்.

வீட்டில்தான் வினை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு அந்த விளையாட்டென்றால் உயிர். எருமை வேண்டும், முழு விலை கொடுக்க மட்டும் மனசு வராது.

“ஏம்மா, எருமை விலை எப்ப குறையும்?”

“அது ஆபீஸ் ரகசியம் மாமா. சொன்னா என் வேலை போயிடும்.”

“வாயால சொல்லாதே. கண்ணை மட்டும் சிமிட்டு.”

“மாமா!”

டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த மனிதர் சும்மா இருப்பாரா? மருமகளைக் கவனிக்க ஆரம்பித்தார். முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தால் விலை ஏறும், பாடிக்கொண்டே மடித்தால் இறங்கும் என்று கண்டுபிடித்தார். பூங்காவில் கூட நடக்கும் கூட்டாளிகளின் காதில் போட்டார். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். அதுகள் விளையாட்டின் அரட்டைப் பக்கத்தில் ஊருக்கே தம்பட்டம் அடித்தன.

ஒரு நாள் பல் டாக்டர், பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் குஷியில் அவள் போர்வை முதல் கைக்குட்டை வரை பாடிப் பாடி மடித்தாள். மாமனார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு ஓடினார்.

“யாரும் வாங்கிடாதீங்க! விலை விழப்போகுது!”

மறுநாள் ஒரு எருமைகூட விற்கவில்லை.

“என்னம்மா, கடையில ஈ காக்கா இல்லை?” என்று மேலாளர் தலையில் கை வைத்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பதறிப்போய் விலையைப் பாதியாக்கினாள். அப்போதும் யாரும் அசையவில்லை. என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று அரட்டைப் பக்கத்தைத் திறந்தாள்.

‘அக்கா நேத்து பாடிப் பாடித் துணி மடிச்சாங்களாம், முணுமுணுக்கவே இல்லையாம். இன்னும் இறங்கும், பொறுங்க.’

‘அக்காவுக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னா என்ன பண்றது?’

குடித்துக்கொண்டிருந்த டீ அவளுக்கு மூக்கில் ஏறியது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மாமனாரின் வேலைதான் என்று புரிய அதிக நேரமாகவில்லை. பேசாமல் பழைய விலையைத் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலை மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு துணி மடித்தாள். முணுமுணுத்தாள், பல்லைக் கடித்தாள். ஒரு தலையணை உறையை உதறிய உதறலில் மாமனாருக்கு முகம் வெளிறிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு நழுவினார்.

சற்று நேரத்தில் மேலாளர் போனில் கூப்பிட்டார். “என்ன மாயம் பண்ணினே? எல்லாரும் முழு விலைக்கு வாங்கறாங்க!”

மாமனார் திரும்பி வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “வாங்கிட்டேன். நாளைக்கு நீ விலையை ஏத்திடுவேன்னு எனக்குத் தெரியும்.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஊழியர்களுக்குக் கொடுக்கும் பரிசிலிருந்து எருமைக்கு ஒரு தங்கத் தொப்பியை அவருக்கு அனுப்பினாள்.

“இது எவ்வளவும்மா?”

“இலவசம் மாமா.”

அவர் கண்ணைச் சுருக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க ஆபீஸ்ல சும்மா தர்றாங்கன்னா அதுல ஏதோ கோளாறு இருக்கு. எனக்கு வேண்டாம்.”

அந்த எருமை இன்றும் வெறுந்தலையோடுதான் பறக்கிறது.