தோடம்பழ நிறச் சட்டையில் அண்ணனின் பெயர்

இத்தாலியில் ஒரு சொல்லின் அழுத்தம் சறுக்கினால் ஆளே மாறிவிடுவார். பட்மின்டனுக்கு இங்கே ‘வொலானோ’ என்றும் ஒரு பெயர். முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் அது ‘பறக்கிறார்கள்’ என்றாகிவிடும். பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் நான் பராமரிக்கும், ‘சிஞ்ஞோரா’ என்று நான் கூப்பிடும் எண்பது வயது அம்மாவிடம், என் அண்ணன் மகள் டிலானி ஒல்லாந்து நாட்டுக்காக வொலானோ ஆடுகிறாள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவரோ இரண்டு வருடமாக அவளை விமானப் பணிப்பெண் என்றே நினைத்திருந்தார். “இந்த வாரம் எந்த ஊருக்கு?” என்று கேட்பார். போட்டி இருந்தால் அவள் போகும் ஊரைச் சொல்வேன். இருவருக்கும் திருப்தி.

மன்னாரிலிருந்து நான் கணவருடன் பலெர்மோவுக்கு வந்தேன். அண்ணன் அருளப்பு ஒல்லாந்துக்குப் போனார். அங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தில் துப்புரவு வேலை. அண்ணிக்குத் தொழிற்சாலையில் வேலை என்பதால், பாடசாலை விட்டதும் டிலானி அந்த மண்டபத்துக்கே போய்விடுவாள். ஒருநாள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் குறைய, சுவரோடு இருந்தவளைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் தொடங்கியது. ஆள் கட்டை, தனியாக ஆடினால் பின்மூலைகள் எட்டாது. வலைக்கு முன்னால் நின்றால் அவளைத் தாண்டி ஒன்றும் போகாது. பின்னால் நின்று அடிக்க ஃபெம்கே என்ற நெட்டைப் பெண் சோடி சேர்ந்தாள். இருபது வயதில் இருவரும் தேசிய அணியில்.

அடுத்த வருடம் டிலானியின் முழங்காலில் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை, ஒரு வருடம் ஆடக்கூடாது. பயிற்சியாளர் ஃபெம்கேக்கு வேறு சோடி பார்த்தார்.

“பிள்ளை கதைக்கிறாளில்லை,” என்றார் அண்ணன் தொலைபேசியில். “வேறை ஆளோடை ஆடு எண்டு ஃபெம்கேக்குத் தானே எழுதி அனுப்பிப்போட்டாள்.”

ஃபெம்கே பதில் எழுதவில்லை. சைக்கிளில் வீட்டுக்கே வந்து, காத்திருப்பதாகச் சொன்னாள். அண்ணி வைத்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அந்த வருடம் முழுவதும் அவள் எந்த வெளிநாட்டுப் போட்டிக்கும் போகவில்லை. இருபத்தொரு வயதில் ஒரு வருடம் என்பது விளையாட்டுக்காரருக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

டிலானி திரும்பி வந்து ஆடிய முதல் வெளிநாட்டுப் போட்டி பலெர்மோவில் அமைந்தது. நான் லீவு கேட்டேன். “விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது?” என்றார் சிஞ்ஞோரா. வெறுங்கையால் மட்டை வீசுவதுபோல் நான் காட்டியபோதுதான் விஷயம் வெளித்தது. சிரித்து முடித்ததும் தானும் வருவதாகச் சொல்லி ஊன்றுகோலை எடுத்தார்.

அரையிறுதியில் எதிரே இத்தாலிச் சோடி. மண்டபம் “இத்தாலியா” என்று அதிர்ந்தது. அதில் ஒரு குரல் என் பதினைந்து வயது மகள் மரீனாவினுடையது.

“உன்ரை மச்சாளெல்லோ ஆடுறாள்?” என்றேன்.

“நான் இஞ்சை பிறந்தனான், அம்மா. மச்சாள் நல்லா ஆடட்டும். ஆனா இத்தாலி வெல்லோணும்.”

என் மறுபக்கத்தில், பிறந்த சிசிலித் தீவைத் தாண்டிப் போயிராத சிஞ்ஞோரா, கோலால் தரையைத் தட்டி “ஒலாந்தா” என்றார். டிலானி எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். ஒல்லாந்து அணியின் செம்மஞ்சளான தோடம்பழ நிறச் சட்டையில் பெரிய எழுத்துகள். சிஞ்ஞோரா எழுத்துக்கூட்டினார்: “அருலாப்பு. யார் இது?”

“என் அண்ணன்,” என்றேன். மண்டபம் துடைத்தவரின் பெயரை அன்று ஒரு மண்டபமே வாசித்தது.

முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. மூன்றாவதில் டிலானி பக்கம் இருபது, எதிரே பத்தொன்பது; இன்னும் ஒரு புள்ளி போதும். ஃபெம்கே ஓங்கி அடித்தது அரைகுறையாகத் திரும்பி வர, டிலானி தைத்த காலை ஊன்றிப் பாய்ந்து வலைமேலேயே தட்டி விழுத்தினாள். உடனே அண்ணனுக்குத் தொலைபேசி அடித்தேன்.

“வெண்டிட்டாள், அண்ணை.”

“கால் எப்பிடி?”

“ரெண்டு காலிலையும் துள்ளுறாள்.”

மறுநாள் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். வெள்ளிப் பதக்கத்தோடு டிலானி போர்கோ வெக்கியோவில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவளுக்கு இத்தாலி மொழி தெரியாது; மரீனாவுக்கு ஒல்லாந்து மொழி தெரியாது; மரீனாவின் ஆங்கிலம் நாலு சொல்லோடு நின்றுவிடும். மிஞ்சியது தமிழ்தான்.

“மச்சாள், நான் மற்றப் பக்கம் கத்தினனான். கோவமோ?”

“இல்லை. எனக்குக் கேட்டது. உனக்கு நல்ல தொண்டை.”

ஒருத்தி ஒல்லாந்துக்காரி மாதிரிச் சொற்களைத் தொண்டைக்குள் உருட்டினாள். மற்றவள் ஒவ்வொரு சொல்லின் வாலையும் சிசிலிக்காரி மாதிரி இழுத்தாள். மன்னாரை இருவருமே கண்டதில்லை. சோறு ஆறுகிறது என்று சொல்ல வந்த நான், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.