வாத்து ஓட்டியவள்

பழைய டிவி கேம்களோடு வந்த விநோதமான கண்ட்ரோலர்கள் பற்றி எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. ஸ்டியரிங் வடிவத்தில் வந்தது வெறும் அலங்காரம். எவ்வளவு திருப்பினாலும் அந்தக் காருக்கு இடது, வலது தவிர வேறெதுவும் தெரியாது. காலால் மிதித்து ஆடும் பாய் கீழ்வீட்டுக்காரர்களோடு சண்டை மூட்டிவிடும். அடியில் ரப்பர் வைத்துத் தரையில் ஒட்டிக்கொள்ளும் பெரிய ஸ்டிக் ஒன்று இருந்தது. மொசைக் தரையில் நன்றாகத்தான் ஒட்டும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கழன்று கையோடு வந்துவிடும். இவை எதன் மீதும் எனக்குக் கோபமில்லை. துப்பாக்கி மீது மட்டும் உண்டு.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் டிரைவர். அம்மாவின் தம்பியான மாமா, பாரிஸ் கார்னரில் பேரம் பேசி அந்த டிவி கேம் பெட்டியை எனக்காக வாங்கி வந்தார். அட்டையில் பல லட்சம் கேம்கள் என்று போட்டிருந்தது. பொறுமையாகப் பார்த்ததில் பதினான்கு தேறியது. மிச்சமெல்லாம் அதே பதினான்கு, வேறு பெயர்களில்.

பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு இடங்கள். ஒன்றில் சாதாரண ஜாய்ஸ்டிக்கைச் சொருக வேண்டும், இன்னொன்றில் துப்பாக்கியை. புல்வெளியிலிருந்து வாத்து கிளம்பிப் பறக்கும். டிவியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். ஓர் ஆட்டத்துக்குப் பத்து வாத்து. முதல் நாள் மாமா பத்தில் ஏழு சுட்டார். நான் நான்கு. அப்பாவிடம் துப்பாக்கியைக் கொடுத்தோம். ஒன்றுகூட விழவில்லை.

"மச்சான், காலேஜ் பசங்கள ஏத்தினு ஜிஎஸ்டி ரோட்ல வர்றீங்க. பாத்து ஓட்டுங்க" என்றார் மாமா.

விளையாட்டாகச் சொன்னதுதான். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். அவருக்குப் பிடித்த வடகறி தட்டில் அப்படியே இருந்தது.

அம்மா ஏற்கெனவே ஒரு மாதமாக அவரைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்திருந்தார். சர்க்கரை வேறு இருந்தது. அப்பா பிடி கொடுக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒரு டிரைவர் ஒருநாள் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரமே அவரைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஷெட்டில் எந்த டிரைவரும் கண் டாக்டர் இருந்த தெருப்பக்கமே போவதில்லை. கடைசியில் அம்மா தானே போய், வருகிற சனிக்கிழமைக்கு டோக்கன் வாங்கி வந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை எடுத்தார். என்னைப் போல டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார மாட்டார். ஹாலின் மறுகோடிக்குப் போய், சமையலறை நிலைப்படியில் முதுகை ஒட்டி நிற்பார். பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுடுவார். துப்பாக்கியின் வயர் அவ்வளவு தூரம் எட்டாது என்பதால் டிவி ஸ்டாண்டையே இரண்டடி முன்னால் இழுத்து வைத்தார். எனக்கு அது பெரிய வேட்டைக்காரர்களின் பாணி என்று பட்டது. நானும் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திப் பார்த்தேன். மூக்குதான் நசுங்கியது.

அவருக்கு ஒரு வாத்தும் விழவில்லை. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா போடு பாப்பா" என்பார். அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவர் ஒரு பொம்மை வாத்திடம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். துப்பாக்கியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மடியில் கிடந்த ஜாய்ஸ்டிக்கைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். பறந்துகொண்டிருந்த வாத்து சட்டென்று திரும்பியது. மறுபடி அழுத்தினேன். நான் சொன்ன பக்கம் போயிற்று. ஒருவர் சுடும்போது இன்னொருவர் வாத்தை ஓட்டலாம் என்பது அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்த ஏற்பாடு. அட்டையில் அது எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் சீன மொழியில் எழுதியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் பெட்டியின் பக்கத்தில், பாவாடைக்குள் ஜாய்ஸ்டிக்கை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா நிலைப்படியில் நின்று கண்ணைப் பொத்தினார். நான் டிவியைக் கொஞ்சமும் துப்பாக்கியை நிறையவும் பார்த்தேன். துப்பாக்கி முனை எங்கே நீட்டியிருக்கிறதோ அங்கே வாத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் ஆட்டத்தில் மூன்று. அடுத்ததில் ஆறு. வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. பத்துக்குப் பத்து.

அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் டிவியையே பார்த்தார்.

"இன்னா பாப்பா, பாத்தியா?" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த டோக்கன வேற யாருக்கானா குடுத்துடு" என்றார். அம்மா கரண்டியோடு வந்து டிவியைப் பார்த்தாள். பத்து வாத்தும் வரிசையாகச் செத்துக் கிடந்தன. கரண்டியோடு அப்படியே சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்தச் சனிக்கிழமை அப்பா எங்களை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று, "படி பாப்பா, இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டார். எனக்குத் தமிழ் எவ்வளவு நன்றாக வருகிறது என்று பார்க்கிறார் என நினைத்து, உரக்கப் படித்தேன்.

மே மாதம் முழுக்க நான் வாத்து ஓட்டினேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது; டிவி கேம் பரணுக்குப் போயிற்று. ஆகஸ்டில் ஒரு நாள், கல்லூரிக்குள் பஸ்ஸைத் திருப்பும்போது வலது பக்கம் முழுக்க கேட் தூணில் உரசிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூண் இருந்ததே தெரியவில்லை என்று அப்பா சொன்னார். கல்லூரியிலேயே கண் டாக்டரின் சீட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னை வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டிப்போனார்கள். டாக்டர் நிதானமானவர். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சர்க்கரை வலது கண்ணின் உள்ளே ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது என்றார். இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம். வலது கண்ணில் போனது போனதுதான். மூன்று நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம். பஸ் இனிமேல் வேண்டாம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"எப்பலேர்ந்து மங்கலா இருக்கு?"

"ஒரு மாசமாத்தான் சார்" என்றார் அப்பா. "மே மாசம்லாம் நல்லா இருந்துச்சு. வூட்ல டிவில வாத்து சுடுவேன் சார், பத்துக்குப் பத்து. அந்தக் கடைசிலேர்ந்து, ஒரு கண்ண மூடிக்கினு. வேணும்னா பாப்பாவக் கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அப்பாவும் திரும்பினார், சொட்டு மருந்தில் அவர் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு வெளி ஆள் முன்னால் அப்பாவுக்கு அவமானமாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

"ஆமா டாக்டர், பத்துக்குப் பத்து. நான் பாத்தேன்" என்றேன்.

டாக்டர் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். கடைசிவரை அப்பாவை விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்கான பரிசு அது என்று நினைத்து, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் குடித்தேன்.