நாங்கள் மட்டும் தேறினோம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஆடிக்கொண்டிருந்த படகில் மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். நீச்சல் தெரியாது. சுடிதாருக்கு மேல் எங்கள் பட்டறையில் தைத்த உயிர்காப்பு ஜாக்கெட். “குதிக்கறதுக்கு ஆள் ரெடியா கீறாரு மேடம், நீங்க வேணாம்” என்றேன். “நான் தெச்சதை நானே நம்பலன்னா போட்டுக்கப்போறவங்க எப்டி தம்பி நம்புவாங்க?” என்றவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டார். தண்ணீர் அவரை உள்ளே இழுத்தது. ஜாக்கெட் உடனே மேலே தூக்கி, முகம் வானத்தைப் பார்க்கும்படி மிதக்கவிட்டது. சோதனைக்கு வந்திருந்த அதிகாரி தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

திருப்போரூரில் மேடம் நடத்திய அந்தச் சிறு பட்டறையில் நான் சூப்பர்வைசர். கடலோரக் காவல் படகுகளுக்கு ஜாக்கெட் வாங்க அரசு டெண்டர் விட்டபோது, நகையை அடகு வைத்து மேடம் புது மெஷின்கள் வாங்கினார். கடல் சோதனையில் கலந்துகொண்ட மற்ற கம்பெனிகளின் ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போயின. தேறியது எங்களுடையது மட்டும். பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம்.

ஆர்டர் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்து, அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. “உங்க ஜாக்கெட்ல ஒரு குறையும் இல்லம்மா. நீங்க மட்டும் தேறினதுதான் சிக்கல். போட்டியில்லாம ஒருத்தர்கிட்டயே வாங்கினா, நாளைக்குத் தணிக்கையில கேப்பாங்க. மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கேன்.”

அவரைத் திட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. பொதுப்பணத்தை ஒருவருக்கே அள்ளிக் கொடுத்த ஊழல்களைப் பார்த்துத்தானே அந்த விதியைப் போட்டிருப்பார்கள்? விதியும் சரி, அவரும் நல்லவர், ஜாக்கெட்டும் நன்றாக மிதந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

மேலிடம் கேள்வி கேட்டது. அதிகாரி பதில் எழுதினார். அந்தப் பதிலின் மேல் இன்னொரு கேள்வி வந்தது. பிறகு மறு டெண்டர் என்றார்கள். அதற்குள் துணியின் தரவிதி மாறிவிட்டது என்று அதையும் நிறுத்தி வைத்தார்கள். தையல் பிரிவில் செய்யூர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தம்பிக்குக் காவல் படகில்தான் வேலை. “அண்ணாத்த, நம்ப ஜாக்கெட்டு எப்போ போவும்? அவன் இன்னும் அந்தக் கிழிஞ்சதத்தான் போட்டுகினு போறான்” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் அவள் கண்ணில் படாமல் நான் குடோனுக்குள் போய்விடுவேன். கடைசியில் அவளும் ஒரு செல்போன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மெஷின்களை விற்று நகையை மீட்டார் மேடம். மிச்சமிருந்த இரண்டு மெஷினில் இப்போது பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறோம்.

போன வாரம் அந்த அதிகாரியே போன் செய்தார். இந்த மாதம் ஓய்வு பெறுகிறாராம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அம்மா, எல்லா அனுமதியும் வந்துருச்சு. புது டெண்டர் வருது. நீங்க அவசியம் கலந்துக்கணும்” என்றாராம். போனை வைத்துவிட்டு மேடம் மறுபடி வெட்டுமேசைக்கு வந்தார்.

“இன்னா மேடம் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

வெட்டி வைத்திருந்த பைத்துணியை நீவிக்கொண்டே சொன்னார்: “கலந்துக்கறேன்னு சொல்லிட்டேன் தம்பி. பாவம், அவ்ளோ ஆசையா சொல்றாரு. இல்லன்னு சொல்ல வாய் வரல.”