நம்மாளு பேசாத மூன்றாம் பாகம்

எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் வேண்டும், கோழிக்குழம்பு வேண்டும், மத்தியானம் தொலைக்காட்சியில் அந்தக் கல்லுக்கை ஹீரோவும் வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டால் தீபாவளி நடக்காது என்று என் தம்பியைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் கடைசியைச் சொல்லியிருப்பான். ஓங்கும்போது வலது கை கல்லாக மாறிவிடும் அமெரிக்கச் சூப்பர் ஹீரோ அவன். தீபாவளியன்று முதல் பாகம், மறுநாள் இரண்டாம் பாகம், இரண்டும் தமிழ்க் குரலோடு வரும். அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அப்பா அதைச் சட்டை செய்யாமல் 'நம்மாளு' என்று வைத்துவிட்டார்.

நம்மாளு தமிழ் நன்றாகவே பேசுவான். வில்லனை மச்சான் என்பான், தனக்கு வண்டி ஓட்டும் பெரியவரை அண்ணே என்பான். கையை ஓங்கும்போதெல்லாம், "எனக்குக் கை வலிச்சா உனக்குப் பல்லு வலிக்கும்டா!" என்று ஒரு வசனம் விடுவான். அப்பா அதை அவனுக்கு அரை நொடி முன்பே சொல்லிவிடுவார், அச்சு அசலாக அதே குரலில். அப்பா மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலத்தில் வளர்ந்தவர். அங்கே திரையில் இருப்பவர்களோடு சேர்ந்து பேசாமல் யாரும் படம் பார்த்ததில்லையாம். தோட்டம் கைமாறி ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்குக் குடிவந்து தொழிற்சாலைப் பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று பதின்மூன்று வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தது ஈப்போவில் நான் சேர்ந்த இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு முதல் சில மாதங்கள் பேச ஆளில்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் கோடி மேசையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து சினிமாவுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி என் வகுப்புத் தோழி ஒருத்தி. செட்டிநாட்டு வழி வந்த குடும்பம், அப்பா வழக்கறிஞர், வீட்டில் பாதிப் பேச்சு ஆங்கிலம். ஒருநாள் அவர்கள் நம்மாளைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே போய் அந்த வசனத்தை அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

மேசையே ஒரேயடியாகச் சிரித்தது. தோழிதான் பாவம் பார்த்து விளக்கினாள். "அடிக்கறப்ப அவன் எங்க பேசறான்? சும்மா அடிப்பான், அவ்ளோதான். பேசாம அடிக்கிறதுதான் லா அவனோட ஸ்டைலு!" அந்த வசனம் சென்னையில் யாரோ குரல் கொடுக்கும்போது சேர்த்துவிட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுடைய அமைதியை எல்லாம் நாங்கள் இத்தனை தீபாவளியாகச் சத்தம் போட்டுக் கெடுத்திருக்கிறோம். மூன்றாம் பாகம் வரப்போவதாகவும், அதைத் திரையரங்கில் பார்த்துவிட்டு, முதல் இரண்டுக்கு ஈடாக இருக்கிறதா என்று திங்கட்கிழமை ஒழுங்காகத் தீர்ப்புச் சொன்னால் எனக்கும் அந்த மேசையில் இடம் உண்டு என்றும் தோழி சொன்னாள். உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் இடம்தான்.

அப்பாவிடம் கேட்டேன். என்னை மட்டும் கொண்டுபோய் விடுவார் என்று நினைத்தேன். அவரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி குடும்பத்தையே கிளப்பிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா வெளித்தீனி கூடாது என்று தெரிந்தும் கைப்பைக்குள் இரண்டு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை திணித்துக்கொண்டாள். நம்மாளு அங்கே தமிழில் பேசமாட்டான் என்று அப்பாவிடம் சொல்லிவிட வாய்வரை வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஈப்போ வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரங்கில் உட்கார்ந்ததும்தான் பார்த்தேன், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் தோழியும் அவள் அப்பாவும் அம்மாவும்.

படம் தொடங்கி நம்மாளு வாயைத் திறந்தான். ஆங்கிலம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார்ரா இது? குரலு வேறயா இருக்கே!" என்று இருட்டில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் மலாய்ப் பெண்ணிடம், "டிக், சுவாரா சாலா லா," குரல் தப்பாக வருகிறது என்று அவர் முறையிடுவது கதவு மூடும்வரை கேட்டது. அந்தப் பெண் என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சமர்த்தாக உட்கார்ந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தம்பி சும்மா இருந்திருக்கலாம். ஒன்றாம் ஆண்டுப் பையன், கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படிக்க அவனால் முடியவில்லை. "அப்பா, நம்மாளு என்னப்பா சொல்றான்?" என்றான், அழுகிற குரலில். அப்பா மலாயைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். முதலில் தம்பியின் காதுக்குள்தான் சொன்னார். சண்டை வந்ததும் தன்னை மறந்துவிட்டார். வில்லன் மறுபடி மச்சான் ஆனான். வண்டிக்காரப் பெரியவர் அண்ணே ஆனார். மலாயில் இல்லாததையும் சேர்த்து அள்ளிவிட்டார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நம்மாளு சத்தமில்லாமல் கையை ஓங்கிய அந்த இடத்தில், எங்கள் வரிசையிலிருந்து கணீரென்று கிளம்பியது, "எனக்குக் கை வலிச்சா உனக்குப் பல்லு வலிக்கும்டா!"

யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். அம்மா கச்சாங் பூத்தேயைக் கடிக்கும் சத்தம் வேறு. தோழி திரும்பிப் பார்த்தாள், பிறகு அவள் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. இந்தக் குடும்பத்தில் ஏன் பிறந்தேன், இவர் வாயை யாராவது மூடமாட்டார்களா என்று நாற்காலிக்குள் கூனிக் குறுகிக் கிடந்தேன். "அப்பா, போதும்பா, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கழிப்பறைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அதன்பிறகு உள்ளே போகவில்லை. படம் விடும்வரை வெளியே சோளப்பொரி விற்குமிடத்துக்குப் பக்கத்தில், நம்மாளின் அட்டை உருவத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைய வெட்கத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது, ஆனால் இப்போது சுடுவது வேறு காரணத்துக்காக.

வீடு திரும்பும்போது காரில் அப்பா என்னைத்தான் கேட்டார். "எப்படிம்மா, மொத ரெண்டு மாதிரி வந்திருக்கா?" நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்கவில்லை.

"சுத்த மோசம்," என்றேன்.

கடைசியில் நம்மாளுக்கு உடம்பு முழுக்கக் கல்லாகிவிட்டது என்று தம்பி எனக்குத் தகவல் சொன்னான். அப்பா கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தபடி, "பாவம். கை மட்டும் கல்லா இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தான்," என்றார்.

திங்கட்கிழமை கேலிக்குத் தயாராக மேசைக்குப் போனேன். தோழி என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "உங்கப்பா ஏன் பாதியில நிறுத்திட்டாரு? எங்கப்பா சாய்ஞ்சு உக்காந்து உங்கப்பா சொல்றதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நீ எந்திரிச்சு போனதும் கப்சிப். உன் தம்பி கேட்டுக்கிட்டே இருந்தான், அவரு வாயே தொறக்கல. அந்தக் கடைசி அடிக்கு என்ன சொல்லியிருப்பாரு?" என்றாள். நயமாகக் குத்திக் காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். பேச்சை மாற்ற, அவசர அவசரமாக என் தீர்ப்பைச் சொன்னேன். முதல் பாகத்தின் காலடிக்கு வராது, இரண்டாம் பாகத்தின் பக்கத்தில்கூட நிற்காது. பாதிப் படம் பார்த்தவள் சொன்ன அந்தத் தீர்ப்பு மேசையில் ஒருமனதாக ஏற்கப்பட்டது. எனக்கு இடமும் கிடைத்தது.

அந்த வருடத் தீபாவளிக்கும் மத்தியானம் முதல் பாகம் போட்டார்கள். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். நம்மாளு கையை ஓங்கினான். தம்பி திரையை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த அரை நொடி வந்தது, போனது. தொலைக்காட்சி மட்டும் தனியாக வசனத்தைச் சொல்லி முடித்தது. அப்பா முறுக்கு ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்துப் பாதியைத் தம்பியிடம் கொடுத்தார்.

மறுநாள் இரண்டாம் பாகத்துக்கும் அவர் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தம்பி என்னிடம் ரகசியமாகக் கேட்டான். நான் கோடி மேசையில் உட்காரும் ஆள் அல்லவா, எனக்குத் தெரியாதா? மூன்றாம் பாகத்தைக் கெடுத்துவிட்டால் முதல் இரண்டையும் பிறகு ரசிக்க முடியாமல் போய்விடும், அப்பாவுக்கு நடந்தது அதுதான் என்று அவனுக்கு விளக்கினேன். இப்படி ஒரு படத்தை எடுத்து எங்கள் அப்பாவின் தீபாவளியைப் பாழாக்கியவர்கள்மேல் எனக்கு அத்தனை கோபம் வந்தது.