எங்கள் லேஅவுட்டுக்குள் ஒரு பஸ்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் உண்டு, அதையும் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். புதிய லேஅவுட்களில் இந்தப் பாரத்தை என்னைப் போலவே சுமக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர்ப் பலகைகள்

மைசூர் ரிங் ரோட்டுக்கு வெளியே நாங்கள் மனை வாங்கியபோது சுற்றிலும் ராகி வயல். விடியலில் மயில் அகவுவதைக் கேட்டுத்தான் என் கணவர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கூரை போடுவதற்குள் அவர் போய்விட்டார். பிறகு மயில்களும் போயின. இப்போது கான்கிரீட் மிக்ஸர் என்னை எழுப்புகிறது. தெருக்கள் வந்தன, விளக்குகள் வந்தன, குறுக்குத் தெருவுக்கெல்லாம் பெயர்ப் பலகை வந்தது. பஸ் மட்டும் ரிங் ரோட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுச் செல்வி தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துப் பெண். கணவர் கொத்தனார், அவள் கார்மென்ட்ஸில் தைக்கிறாள். ரிங் ரோடு வரை அவள் நடந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். இன்னொரு நாள் தாமதமானால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். என் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்கம்மா, தெருவுக்குத் தெரு பேரு எழுதி வச்சீங்களே, அதை எந்த பஸ்காரர் வந்து படிக்கிறாருங்க?"

வரவேற்பு

டிப்போவுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் மேலாளர் இறங்கி வந்தார். ஒரு காலை மட்டும் பஸ்ஸை உள்ளே அனுப்பிப் பார்ப்பாராம். ஆள் ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் அதோடு சரி.

ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக்கூட விடாமல் மாலை போடுகிற ஊர் இது. முதன்முதலாக உள்ளே வரும் பஸ்ஸைச் சும்மா விடுமா? முன்னால் வாழைக்கன்று கட்டினார்கள். பூசணிக்காயும் தேங்காய்களும் உடைத்தார்கள். சங்கத் தலைவர் சம்பத் கற்பூரம் காட்டினார். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். தெருவே திரண்டு கைதட்ட, பஸ் கிளம்பியது. அதில் ஏறியவள் செல்வி ஒருத்திதான். வீட்டுப் புடவையும் கையில் தட்டுமாக வந்தவர்கள் எங்கே போக ஏறுவார்கள்? பூஜை முடிந்தது, பயணிகள் எங்கே என்று கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கன்னடத்தில் கேட்டார். "பூஜெ ஆயித்து மேடம், பாசஞ்சர் எல்லி?"

போக ஓர் இடம்

அன்றே மறுபடியும் டிப்போ. மேலாளர் சிரித்தே விட்டார். நாளைக் காலை ஒரே ஒரு முறை, அவ்வளவுதான் என்றார். அதுவும் தவறினால் செல்வி பழையபடி நடக்க வேண்டும். நடந்தால் வேலை போய்விடும்.

அன்று மாலை வீடு வீடாகப் போனேன். கற்பூரம் வேண்டாம், பூ வேண்டாம், பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறுங்கள் என்றேன். சம்பத் நாற்காலியை விட்டு எழவில்லை. ரிடையர் ஆனவனுக்குப் போக இடமேது என்றார். மார்க்கெட்டுக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அப்படியே நாலு தேங்காயும் வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ, இருந்ததையெல்லாம் காத்தாலயே பஸ்ஸுக்கு உடைச்சாச்சு!"

நிற்க இடமில்லை

மறுநாள் பஸ் திரும்பி நிற்கும் முன்பே முண்டியடித்தார்கள். பெண்களுக்குத்தான் அரசு பஸ்ஸில் இலவசமாயிற்றே. மாமியார், மருமகள், நாத்தனார் என்று குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். ஆண்கள் முணுமுணுத்தபடி டிக்கெட் வாங்கினார்கள். சம்பத் படியில் தொங்கினார், இந்த வயதில்!

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுக் கட்டடங்களின் இடுக்கில் சாமுண்டி மலை தோன்றித் தோன்றி மறைந்தது. என் கணவர் இருந்திருந்தால் ஜன்னலோரம் கேட்டிருப்பார். தொழிற்சாலை நிறுத்தத்தில் செல்வி இறங்கி ஓடினாள். கேட் இன்னும் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தபின் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸே ஆரவாரம் செய்தது. கூட்டத்தில் நசுங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, பாட்டி என்று கன்னடத்தில் கூப்பிட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "அஜ்ஜி, நாளைக்கும் பஸ் வரும், தினமும் வரும், தயவுசெஞ்சு பாதிப் பேர் வீட்லயே இருங்க!"

ஊர் வளர்ந்துவிட்டது என்பதற்கு நான் கண்ட அடையாளம் இதுதான்: பஸ் இல்லை என்று அழுத அதே சனம், இப்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை என்று என்னோடு சண்டைக்கு வருகிறது.